விலகிப்போன பார்ட்னரிடம் 33 சதவீதம் இருக்கிறது, என்ன செய்வது?

மூன்றிலொன்று

வணக்கம். இரண்டு நாளாக இதை எழுதுவதும் அழிப்பதுமாக இருக்கிறேன். நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் மூன்று பேர், கல்லூரிக் காலத்து நண்பர்கள். சரக்கு வண்டி வைத்திருப்பவர்களுக்காக ஒரு மென்பொருள் செய்கிறோம். எந்த வண்டி எங்கிருந்து காலியாகத் திரும்புகிறது, திரும்பும் வழியில் என்ன லோடு கிடைக்கும் என்று காட்டும். யோசனை முதலாமவனுடையது. அவன் அந்தத் தொழிலிலேயே இருந்தவன், முதல் வாடிக்கையாளர்களும் அவன் மூலமாகத்தான் வந்தார்கள். மென்பொருள் முழுக்க நான் எழுதியது. அதற்காக வேலையை விட்டேன். மூன்றாமவன் முதல் பணத்தைப் போட்டான், கம்பெனிப் பதிவு, கணக்கு வழக்கு எல்லாம் பார்த்தான்.

பங்கு பிரித்தது ஒரே சாயங்காலத்தில். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மொத்தம் 10,000 பங்கு, அதில் முதலாமவனுக்கு 3,400, எனக்கும் மூன்றாமவனுக்கும் தலா 3,300. அந்த ஒரு சதவீதக் கூடுதலைக்கூட "ஐடியா உன்னுது" என்று நாங்களாகத்தான் கொடுத்தோம். பதிவு செய்த அன்றே மூவர் பெயரிலும் பங்குகள் எழுதியாகிவிட்டது. அதைத் தவிர வேறு எந்த ஒப்பந்தமும் கிடையாது.

இது 14 மாதத்துக்கு முந்தைய கதை. ஏழாவது மாதம் முடிந்ததும் மூன்றாமவன் வேறு வேலைக்குப் போய்விட்டான். சண்டை எதுவும் இல்லை, அவன் வீட்டு நிலைமை அப்படி. "வெளியிலிருந்து பார்த்துக்கறேன்" என்றான். முதல் மாதம் இரண்டு முறை பேசினான். அப்புறம் பேச்சே இல்லை.

இப்போது ஒரு முதலீட்டாளர் வந்திருக்கிறார். 20 சதவீதம் கேட்கிறார். பங்குப் பட்டியலைப் பார்த்ததும் மூன்றாவது பெயரில் விரலை வைத்து, "இவர் இப்போது என்ன செய்கிறார்?" என்றார். எங்களிடம் பதில் இல்லை. "இதைச் சரிசெய்துவிட்டு வாருங்கள்" என்று அனுப்பிவிட்டார்.

மூன்றாமவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "நான் அன்னைக்குப் பணம் போடலேன்னா கம்பெனியே கிடையாது. 33 என்னுடையது, எதுக்குத் திருப்பித் தரணும்?" என்றான். இது போதாதென்று முதலாமவன் என்னைத் தனியாக அழைத்து, "எப்படியும் மாத்தி எழுதப்போறோம். சிஇஓ நான்தானே, நான் 51 வெச்சுக்கறேன்" என்கிறான்.

யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. நானும் அவனும் இயக்குநர்கள், இரண்டு பேர் ஓட்டும் சேர்ந்தால் 67 சதவீதம். புதிய பங்குகளை எங்களுக்கே வெளியிட்டு அவனுடைய பங்கைச் சுருக்கிவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். செய்யலாமா?

நேர்கோடு

கடைசி வரிக்கு முதலில் பதில்: செய்யாதீர்கள்.

அப்புறம் மூன்று கேள்வி. அவர் போட்ட பணம் பங்குக்கான விலையா, கடனா? எங்காவது எழுதியிருக்கிறதா? நீங்கள் எழுதிய மென்பொருள் யார் பெயரில் இருக்கிறது?

மூன்றிலொன்று

பணம் கம்பெனிக் கணக்கில் போனது, என்ன வகை என்று எழுதவில்லை. மூவரும் பேசிய வாட்ஸப் குழுவில் "நான் இதைப் போட்டுடறேன்" என்று ஒரு வரி இருக்கிறது. அதற்கு நான் கட்டைவிரல் போட்டிருக்கிறேன். கோட், அதாவது நான் எழுதிய மென்பொருள் நிரல், என் சொந்த இணையக் கணக்கில் இருக்கிறது. ஏன்?

பழைய பேரேடு

தம்பி, முப்பது வருஷமாகக் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் சொல்கிறேன். எழுதாமல் விட்டால் அந்த இடம் காலியாக இருக்கிறது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அது காலியாக இருக்காது. நீங்கள் எழுதாத இடத்தைச் சட்டம் தன் கையால் எழுதிவிடும்.

கூட்டாண்மையை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் 1890ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டம், அதை ஒட்டி வந்த இந்தியாவின் 1932ஆம் ஆண்டுச் சட்டம், இரண்டுமே ஒன்றைத்தான் சொல்கின்றன: வேறு உடன்பாடு இல்லையென்றால் லாபம் எல்லோருக்கும் சமம். ராப்பகலாக உழைத்தவர், எட்டிப் பார்க்காதவர் என்ற பேதம் இல்லை. தொழிலில் உழைத்ததற்குச் சம்பளமும் கேட்க முடியாது. ஆனால் ஒப்புக்கொண்ட முதலுக்கு மேலே ஒருவர் பணம் போட்டிருந்தால் அதற்கு வட்டி உண்டு. இங்கிலாந்தில் ஆண்டுக்கு 5 சதவீதம், இந்தியாவில் 6. கவனியுங்கள், உழைப்பையும் பணத்தையும் வேறு வேறாகப் பார்க்க வேண்டும் என்ற தெளிவு அந்தக் காலத்திலேயே இருந்திருக்கிறது. உங்கள் மூன்று பேருக்கும் அந்தச் சாயங்காலம் இல்லாமல் போனது அந்தத் தெளிவுதான்.

உங்களுடையது கம்பெனி என்பதால் இந்தச் சட்டங்கள் நேராகப் பொருந்தா. கம்பெனியில் பங்குப் பதிவேடு பேசும். அதில் அவர் பெயருக்கு நேரே 3,300 என்று இருந்தால் அது அவருடையது. எந்த நிபந்தனையும் இல்லாமல் கொடுத்துவிட்டு, பாதியில் போனாயே என்று பிடுங்க வழியில்லை. கேட்டு வாங்கலாம், விலை கொடுத்து வாங்கலாம். அவ்வளவுதான்.

நான் செய்யச் சொல்வது, மூன்று பேரும் கொடுத்ததை மூன்று வரிசையாக எழுதுங்கள். பணம் ஒன்று. இதுவரை உழைத்தது ஒன்று. இனிமேல் உழைக்கப்போவது ஒன்று. 34, 33, 33 என்று எழுதியபோது இந்த மூன்றையும் ஒரே எண்ணில் அடைத்துவிட்டீர்கள். பணத்தைக் கடனாக எழுதியிருந்தால் இன்றைக்குக் கடனைத் தீர்த்துவிட்டுக் கைகுலுக்கியிருப்பீர்கள்.

வெளியே வந்தவள்

எல்லோரும் அந்த மூன்றாமவரைப் பாரம் மாதிரிப் பேசுகிறீர்கள். நான் அவர் இடத்தில் இருந்தவள், அதனால் எழுதுகிறேன்.

ஒரு நிறுவனத்தில் நானும் நிறுவனர்களில் ஒருத்தி. முதல் நாற்பது வாடிக்கையாளர்களை ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்துச் சேர்த்தவள் நான். எங்களிடம் ஒப்பந்தம் இருந்தது, ஓராண்டு முடிந்தால்தான் பங்கு என்று. பதினோராவது மாதம் "நமக்கு ஒத்துவரவில்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கையில் ஒன்றும் இல்லை. அந்த நாற்பதில் பாதிப் பேர் இன்னமும் அங்கே வாடிக்கையாளர்கள் என்று கேள்விப்பட்டேன். ஒரு மாதம், முப்பது நாள், அதற்குள் என் பதினோரு மாதமும் பூஜ்யமாகிவிட்டது.

உங்கள் நண்பர் பணம் போட்டபோது கம்பெனியின் மதிப்பு என்ன? பூஜ்யம். வெறும் பேச்சு. அன்றைக்குப் போட்ட பணமும் இன்றைக்கு முதலீட்டாளர் போடுகிற பணமும் ஒன்றா? இன்றைக்கு ஓடுகிற மென்பொருள் இருக்கிறது, வாடிக்கையாளர் இருக்கிறார்கள், பார்த்துவிட்டுப் போடலாம். அன்றைக்கு உங்கள் இருவரின் முகத்தைப் பார்த்துத்தான் அவர் போட்டார். அதை அசலும் வட்டியும் கொடுத்துக் கணக்குத் தீர்த்துவிடலாம் என்று பேரேடு ஐயா சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

பழைய பேரேடு

ஏற்கிறேன் அம்மா. கடன் என்றால் தொழில் நொடித்தாலும் திருப்பிக் கேட்கலாம். அவரால் அப்படிக் கேட்டிருக்க முடியாது. அந்த அபாயத்துக்கு ஒரு விலை உண்டு. ஆனால் அது 33 சதவீதமா என்பதுதான் கேள்வி.

துலாக்கோல்

வழக்கறிஞர். இந்த மாதிரி ஒப்பந்தங்களை எழுதுவதும், எழுதாமல் விட்டவர்கள் சண்டையோடு வரும்போது பஞ்சாயத்து பேசுவதும் என் அன்றாட வேலை. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் வெஸ்டிங் என்பது என்னவென்று தெரியாதவர்களுக்காக. பங்கு முதல் நாளே உங்கள் பெயரில் இருக்கும், ஆனால் அதைக் காலம் செல்லச் செல்லத்தான் உரிமையாக்கிக்கொள்கிறீர்கள். புழக்கத்தில் உள்ள கணக்கு நான்கு ஆண்டு, 48 மாதம். முதல் 12 மாதம் கிளிஃப், அதற்குள் போனால் ஒன்றுமில்லை. 12 மாதம் முடிந்த அன்று கால் பங்கு மொத்தமாக வரும், அதற்கப்புறம் மாதம்தோறும் 48இல் ஒரு பங்கு. இடையில் போனால், மீதியைக் கம்பெனி முகமதிப்புக்கு, அதாவது பங்கில் எழுதியிருக்கும் ஆரம்ப விலைக்கு, திரும்ப வாங்கிக்கொள்ளும்.

உங்கள் நண்பருக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். கிளிஃப் இருந்திருந்தால் ஏழு மாதத்துக்குப் பூஜ்யம். கிளிஃப் இல்லாமல் மாதக்கணக்கு மட்டும் என்றால் 3,300ஐ 48ஆல் வகுத்து ஏழால் பெருக்க, 481 பங்கு. இது உழைப்புக்கு மட்டும். இதற்கு மேல் பணத்துக்கு என்ன என்பது தனிப் பேச்சு. ஆக, நியாயமான எண் 481க்கும் 3,300க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. பேச்சைத் தொடங்க இந்த இரண்டு எல்லைகளாவது கையில் இருக்கட்டும்.

வெளியே வந்தவள் சொன்னது மிகச் சரி. கிளிஃப் இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி. அதனால்தான் நான் எழுதும் ஒப்பந்தங்களில் தானாகப் போவதையும் காரணமில்லாமல் அனுப்பப்படுவதையும் ஒன்றாக வைப்பதில்லை. காரணமில்லாமல் அனுப்பினால் அதுவரை உழைத்த மாதங்களுக்குக் கிளிஃப் பார்க்காமல் பங்கு கொடுத்தே ஆகவேண்டும், சில இடங்களில் கூடுதலாகவும். மோசடி செய்து மாட்டிக்கொண்டவருக்கு வேறு விதி. சாவு, தீராத நோய் இதற்கெல்லாமும் எழுத வேண்டும். எழுதும்போது எல்லோருக்கும் சங்கடமாக இருக்கும், எழுதித்தான் ஆகவேண்டும்.

இப்போது அந்தப் "புதிய பங்கு வெளியிட்டுச் சுருக்கிவிடலாம்" என்ற யோசனை. ஃபேஸ்புக் கதை தெரிந்திருக்கும். எடுவார்டோ சேவரின் என்ற இணை நிறுவனர், ஆரம்பப் பணத்தைப் போட்டவர், மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு வைத்திருந்தவர். மற்றவர்களோடு மனக்கசப்பு வந்தது, கம்பெனியின் வங்கிக் கணக்கை முடக்கினார். 2004இல் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் புதுக் கம்பெனி பதிவானது. அடுத்தடுத்த பங்கு வெளியீடுகளில் அவருடைய பங்கு 10 சதவீதத்துக்கும் கீழே போனது, மற்ற நிறுவனர்களுடையது அப்படிச் சரியவில்லை. வழக்குப் போட்டார். கடைசியில் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம், இணை நிறுவனர் என்ற பெயரும் திரும்பக் கிடைத்தது. இதில் ஒன்றைப் பாருங்கள்: அவர்களிடம் உலகத்தின் விலையுயர்ந்த வழக்கறிஞர்கள் இருந்தார்கள், அப்படியும் ஒருவரை மட்டும் குறிவைத்துச் சுருக்கியது வழக்கில்தான் போய் முடிந்தது. முதலீடு வரும்போது எல்லோர் பங்கும் ஒரே விகிதத்தில் சுருங்குவது இயற்கை. ஒருவருடையதை மட்டும் சுருக்கினால் சிறுபான்மைப் பங்குதாரரை ஒடுக்கிய வழக்கு வரும். இயக்குநர் பதவி கம்பெனியின் நன்மைக்காக, உங்கள் சொந்தக் கணக்கைத் தீர்க்க இல்லை. உங்களுக்கு அந்த யோசனை சொன்னவர் நல்லவராக இருக்கலாம். ஆனால் அவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

இரவுப்பணி

நேர்கோடு கேட்ட மூன்றாவது கேள்வியை எல்லோரும் தாண்டிப் போகிறீர்கள். கோட் அவருடைய சொந்தக் கணக்கில் இருக்கிறது! சம்பளம் வாங்கும் ஊழியர் எழுதினால் பெரும்பாலான நாடுகளில் அது முதலாளிக்குச் சொந்தம். சம்பளமே வாங்காத நிறுவனர் ஊழியர் என்று யார் சொன்னார்கள்? எழுதிக் கொடுக்காத வரை பதிப்புரிமை எழுதியவரிடமே இருக்கிறது.

மூன்றிலொன்று, முதலீட்டாளரின் வழக்கறிஞர் இன்னும் இதைப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். பார்த்தால் விலகிப்போன நண்பரைவிட நீங்கள்தான் அவருக்குப் பெரிய கவலை. கம்பெனியிடம் விற்பதற்குப் பொருளே இல்லையே.

மூன்றிலொன்று

இரவுப்பணி, இதைப் படித்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதலாமவன் 51 கேட்ட அன்று இரவு எனக்கும் அந்த நினைப்பு வந்தது. கோட் என்னிடம்தானே இருக்கிறது, கடவுச்சொல்லை மாற்றினால் இருவரும் என்ன செய்வார்கள் என்று. மாற்றவில்லை. ஆனால் நினைத்தேன்.

இரவுப்பணி

நான் ஒருமுறை மாற்றினேன், வேறொரு இடத்தில், பத்து வருஷத்துக்கு முன்னால். இரண்டு நாளில் வாடிக்கையாளர்கள் போய்விட்டார்கள். ஒரு வாரம் கழித்துத் திறந்து கொடுத்தபோது பிரிப்பதற்கு எதுவும் மிஞ்சவில்லை. ஐந்து பேரும் இப்போது பேசிக்கொள்வதில்லை.

கோட் முழுவதையும் முதலில் கம்பெனிக்கு எழுதிக் கொடுங்கள், எந்த நிபந்தனையும் போடாமல். அதற்கப்புறம் மற்ற இருவரிடமும் விட்டுக்கொடுக்கச் சொல்ல உங்களுக்கு வாய் இருக்கும்.

சரிபாதி

எனக்கு ஒன்று புரியவில்லை. எல்லோரும் பங்கு சமமாகப் பிரித்ததையே தப்பு என்பது போலப் பேசுகிறீர்கள். புதிய நிறுவனங்களுக்குப் பணமும் ஆலோசனையும் தரும் ஒய் காம்பினேட்டர் போன்ற இடங்களிலேயே சமமாக, அல்லது ஏறக்குறைய சமமாகப் பிரியுங்கள் என்றுதானே ஆலோசனை சொல்கிறார்கள்? காரணமும் எளிது. செய்து முடித்த வேலை சில மாதம், செய்யவேண்டிய வேலை ஏழு, எட்டு, பத்து ஆண்டு. ஆறு மாதம் முன்னால் யோசித்தவனுக்கு இரண்டு மடங்கு என்று எழுதினால் மற்றவன் ஐந்தாவது ஆண்டில் ராத்திரி கண்விழிக்க மாட்டான்.

முதலாமவரின் 51க்கு நான் முழுக்க எதிர்ப்பு. ஐடியாவுக்கு அவ்வளவு விலை கிடையாது.

துலாக்கோல்

சமம் தப்பில்லை. யோசிக்காமல் சமமாக்கியதுதான் தப்பு. நோம் வாஸர்மன், தாமஸ் ஹெல்மன் என்ற இரு ஆய்வாளர்கள் வட அமெரிக்காவின் புதிய நிறுவனங்கள் நூற்றுக்கணக்கானவற்றைப் பார்த்தார்கள். பெரும்பாலான குழுக்கள் தொடங்கிய ஒரு மாதத்துக்குள்ளேயே பங்கைப் பிரித்துவிட்டிருந்தன. சமமாகப் பிரித்த குழுக்கள் வெளி முதலீடு தேடும்போது சற்றுப் பின்தங்கின. சமம் என்பதே நோய் என்று அவர்கள் சொல்லவில்லை. கஷ்டமான பேச்சைப் பேச முடியாத குழுவுக்கு அது ஓர் அடையாளம், முதலீட்டாளர் அதை மோப்பம் பிடிக்கிறார். கார்களை மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் ஸிப்கார் நிறுவனம் 2000இல் தொடங்கியபோது ராபின் சேஸும் ஆன்ட்யே டேனியல்சனும் கைகுலுக்கிப் பாதிப் பாதி என்று முடித்துக்கொண்டார்கள். சேஸ் முழு மூச்சாக இறங்கினார், டேனியல்சன் தன் பழைய வேலையை விடவில்லை. அந்தக் கைகுலுக்கல் ஒன்றரை ஆண்டு மனக்கஷ்டத்துக்குக் காரணமானது என்று சேஸே சொல்லியிருக்கிறார்.

ஐடியாவுக்கு விலை இல்லை என்பதை மட்டும் அவ்வளவு அழுத்திச் சொல்லாதீர்கள். ஸ்னாப்சாட்டில், மறைந்துபோகும் படம் என்ற யோசனை தன்னுடையது என்று ரெஜி பிரவுன் வழக்குப் போட்டார். 2014இல் சமரசம் ஆனது. தொகை எவ்வளவு என்பது 2017இல் பங்குச்சந்தைக்கு வரும்போது தாக்கல் செய்த ஆவணத்தில்தான் வெளியே தெரிந்தது: 15 கோடியே 75 லட்சம் டாலர். யோசனைக்காக 51 கொடுக்க வேண்டியதில்லை, உண்மைதான். யோசனை சொன்னவரை அவமதித்து அனுப்பினாலும் செலவு வரும்.

நேர்கோடு

51 விஷயத்தில் ஒன்று. அவர் கேட்பது பங்கா, முடிவெடுக்கும் உரிமையா? இரண்டும் வேறு. சிஇஓவாக அன்றாட முடிவுகளை எடுக்க 51 சதவீதம் தேவையே இல்லை, இயக்குநர் குழு அந்த அதிகாரத்தை எழுதிக் கொடுத்தால் போதும். இருவரும் முட்டிக்கொண்டால் என்ன வழி என்ற பயமா? அதற்குத் தனி ஏற்பாடு செய்யலாம்.

ஆப்பிள் தொடங்கிய 1976 ஏப்ரல் 1 அன்று ஜாப்ஸுக்கும் வாஸ்னியாக்குக்கும் தலா 45, ரொனால்ட் வெய்னுக்கு 10. அந்த 10 எதற்கு? இருவரும் முரண்பட்டால் பெரியவர் ஒருவர் நடுவில் நின்று முடிவு சொல்ல. ஆனால் அது கூட்டாண்மை, கடன் வந்தால் சொந்தச் சொத்தும் போகும். மூவரில் சொத்து இருந்தவர் அவர்தான். 12 நாளில் விலகிவிட்டார், 800 டாலருக்கு. எல்லோரும் அவரை ஏமாளி என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அன்றைக்கு அவருக்கு இருந்த பயம் நியாயமானது.

வெளியே வந்தவள்

முட்டிக்கொண்டால் என்ன என்பதற்குச் சிலர் ஒரு விதி எழுதுவார்கள்: ஒருவர் விலை சொல்ல வேண்டும், மற்றவர் அந்த விலைக்கு வாங்கலாம் அல்லது விற்கலாம். கேட்க நியாயமாக இருக்கும். பணம் உள்ளவர் பணம் இல்லாதவரைத் துரத்த அதைவிட நல்ல ஆயுதம் கிடையாது. எதிரில் இருப்பவரால் வாங்க முடியாது என்று தெரிந்தே குறைந்த விலை சொல்வார்கள். நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்.

மூன்றிலொன்று, இன்னொன்று கேட்கிறேன். உங்கள் நண்பரிடம் பங்கைத் திருப்பிக் கேட்டீர்கள், சரி. அவர் ஏன் போனார், இந்த ஏழு மாதம் எப்படி இருந்தார் என்று கேட்டீர்களா?

மூன்றிலொன்று

இல்லை.

மூன்றிலொன்று
(மூன்று வாரம் கழித்து)

பலர் தனிச்செய்தியில் கேட்டதால் நடந்ததை எழுதுகிறேன்.

முதல் வேலையாகக் கோட் முழுவதையும் கம்பெனியின் கணக்குக்கு மாற்றினேன். இருவருக்கும் ஒரே வரியில் செய்தி அனுப்பினேன்: "மாத்திட்டேன். உரிமை எழுதிக் கொடுக்கிற பத்திரத்துல கையெழுத்துப் போடறேன். அப்புறம் மூணு பேரும் உக்காரலாம்." மூன்றாமவன் அன்று இரவே கூப்பிட்டான். ஏழு மாதத்தில் அவனாகக் கூப்பிட்டது அது முதல் தடவை.

உட்கார்ந்தோம். பேரேடு ஐயா சொன்ன மாதிரி மூன்று வரிசை கோடு போட்டு வைத்திருந்தேன். மூன்றாமவன் ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுவந்தான். முதல் நாளிலிருந்து அவன் கையெழுத்தில் செலவுக் கணக்கு, தேதிவாரியாக. பதிவுக் கட்டணம், சர்வர் வாடகை, முதலாமவன் வாடிக்கையாளரைப் பார்க்கப் போன பயணச் செலவு. பக்கம் புரட்டிக்கொண்டே வந்தவன், "இதைப் பாரு" என்று ஒரு பக்கத்தில் நிறுத்தினான். எட்டாவது மாதம், "சர்வர், என் கார்டு." ஒன்பதாவது மாதமும் அதே. விலகிய பிறகு இரண்டு மாதம் சர்வர் வாடகை அவனுடைய சொந்தக் கார்டிலிருந்து போயிருக்கிறது. கம்பெனிக் கணக்கில் அப்போது பணம் இல்லை. எங்களிடம் சொன்னால் நான் வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டுப் பணத்துக்கு அலைவேன் என்று சொல்லாமலே கட்டியிருக்கிறான். சர்வர் ஓடிக்கொண்டிருந்தது, நான் எழுதிக்கொண்டிருந்தேன், யார் கட்டுகிறார்கள் என்று ஒருநாள்கூட எனக்குத் தோன்றவில்லை.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

அப்புறம் நடந்தது வெறும் கணக்கு. 481 என்ற எண்ணை நான்தான் சொன்னேன், எப்படி வந்தது என்றும் போட்டுக் காட்டினேன். அவன் 1,500 என்றான். முதலாமவன் 500 என்றான். நோட்டுப் புத்தகத்தில் உள்ள மொத்தத் தொகையையும் முதலீடு வந்ததும் திருப்பிக் கொடுப்பது, அதற்கு மேல் ஆரம்ப அபாயத்துக்கும் ஏழு மாத உழைப்புக்கும் சேர்த்து 900 பங்கு, யாரும் எப்போதும் திரும்பக் கேட்க முடியாதபடி. அங்கே வந்து நின்றது. 2,400 பங்கைக் கம்பெனிக்குத் திருப்பித் தருகிறான். அதில் 1,000 இனி வரப்போகும் ஊழியர்களுக்கு, 1,400 ரத்து. மொத்தம் இப்போது 8,600. அவனிடம் 10.5 சதவீதம், என்னிடம் 38.4, முதலாமவனிடம் 39.5, ஊழியர்களுக்கு 11.6. முதலீட்டாளருக்கு 20 போனபின் என் பங்கு 30.7 ஆகும். பழைய பட்டியலோடு போயிருந்தால் 26.4தான்.

51 பேச்சு அன்று முடியவில்லை. முதலாமவன் கோபமாக எழுந்து போனான், இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் நேர்கோடு எழுதியதை அப்படியே அவனுக்கு அனுப்பினேன். அவனுடைய பயம் வேறாக இருந்தது. பணம் வந்தபின் முதலீட்டாளரும் நானும் சேர்ந்து அவனை வெளியே அனுப்பிவிடுவோம் என்று நினைத்திருக்கிறான். அதை அவன் சொல்ல எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. காரணமில்லாமல் அனுப்பினால் கூடுதலாக ஓராண்டுப் பங்கு உடனே கைக்கு வரும் என்று எழுதச் சொன்னேன், எங்கள் இருவருக்கும் ஒரே விதியாக. இயக்குநர் குழுவில் எங்கள் இருவரையும் சாராத ஒருவர். அன்றாட முடிவு அவனுடையது. 51ஐ விட்டுவிட்டான்.

எனக்கும் வெஸ்டிங் உண்டு. நான்கு ஆண்டு, உழைத்த 14 மாதத்தைக் கழித்து மீதி 34 மாதம். அதாவது இன்றைக்கு என் 3,300இல் உறுதியாக என்னுடையது 962 பங்குதான். மூன்றாமவனுக்கு 481 என்று சுலபமாகச் சொன்ன நான், என் பெயருக்கு நேரே 962 என்று பார்த்தபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். ஒரு நாள் எடுத்துக்கொண்டுதான் சம்மதித்தேன்.

பழைய பேரேடு

அந்த நோட்டுப் புத்தகத்தைப் பத்திரமாக வையுங்கள் தம்பி. படியெடுத்து மூவரும் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போடுங்கள். கடன் தொகைக்கு அதுதான் ஆதாரம்.

துலாக்கோல்

நல்லது. வரிசை முக்கியம், மாற்றிச் செய்யாதீர்கள். முதலில் மென்பொருள் உரிமைப் பத்திரம். அப்புறம் மூவரும் கையெழுத்திடும் பங்குதாரர் ஒப்பந்தம். அதன் பிறகு 2,400 பங்கைத் திரும்பப் பெறுவது. அதற்கு உங்கள் நாட்டுச் சட்டத்தில் தனி முறை இருக்கும், சும்மா அடித்து எழுத முடியாது. பதிவேட்டில் மாற்றம் ஏறியதும்தான் முதலீட்டாளருடன் கையெழுத்து. முதலில் பணத்தை வாங்கிவிட்டு இதைச் செய்தால் பங்கின் விலை ஏறியிருக்கும், வரியும் அதற்கேற்ப வரும்.

வரி ஆலோசகரை இந்த வாரமே பாருங்கள். சில நாடுகளில் கெடு மிகக் குறைவு. அமெரிக்காவில் வெஸ்டிங் உள்ள பங்கு வாங்கியவர் 30 நாளுக்குள் வரித்துறைக்கு ஒரு கடிதம் அனுப்ப வேண்டும். தவறினால் பங்கு உரிமையாகும் ஒவ்வொரு முறையும் அன்றைய மதிப்புக்கு வரி, கையில் ஒரு காசு வராமலே. அந்த 30 நாளை நீட்டிக்க யாராலும் முடியாது.

வெளியே வந்தவள்

அவர் இனி உங்கள் பங்குதாரர் மட்டும்தானா? கம்பெனியின் பக்கத்தில் நிறுவனர் என்று அவர் பெயர் இருக்கிறதா?

மூன்றிலொன்று

விலகியபோது எடுத்துவிட்டிருந்தோம். நேற்று இரவு திரும்பச் சேர்த்தேன். சொல்லவில்லை, அவனே பார்க்கட்டும்.

நாளைக் காலை பத்து மணிக்குக் கையெழுத்து. நோட்டுப் புத்தகத்தை அவன் கொண்டுவருகிறான், படியெடுக்க ஏற்பாடு செய்துவிட்டேன்.